அடி நின்ற இடம்

ஜூன் மாதம், மாம்பழ லாரிகள் ராப்பகலாக ஓடும் பருவம். கிருஷ்ணகிரி பைபாஸிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது என் பட்டறை. காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் ஒரு ரெக்கவரி வண்டி காத்திருந்தது. மேலே ஒரு வெள்ளை செடான். முன்பக்க இடது சக்கரம் பின்வாங்கி, மட்கார்டின் பின் ஓரத்தில் உரசிக்கொண்டு நின்றது. அலாய் ரிம்மில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டைக் காணோம். பெங்களூரிலிருந்து சேலத்துக்கு மனைவி, இரண்டு பிள்ளைகளோடு இரவில் போனவர், காவேரிப்பட்டணம் தாண்டிச் சாலையில் கிடந்த கல்லில் ஏற்றிவிட்டார். யாருக்கும் காயமில்லை. வண்டி முதலில் போனது ஒரு சர்வீஸ் சென்டருக்கு. அங்கே கொடுத்த எஸ்டிமேட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். கூட்டுத்தொகை 1,12,000 ரூபாய்.

"அண்ணா, நிஜமாவே இவ்வளவு ஆகுமா?"

தாளைப் படித்தேன். இடது வலது இரண்டு லோயர் ஆர்ம், இரண்டு ஸ்ட்ரட், நக்கிள், ஹப், ஸ்டீயரிங் ரேக் முழுசாக, சப்ஃப்ரேம், ரிம், டயர். முன்பக்கத்தில் இருக்கிற அத்தனையும் எழுதியிருந்தது.

"வண்டியக் கழட்டிப் பார்க்காம நான் தொகை சொல்ல மாட்டேன் சார். சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க."

முப்பது வருடமாக இந்த ஒரு வேலைதான் செய்கிறேன். இன்ஜின் பக்கம் போவதில்லை, டிங்கரிங் செய்வதில்லை. சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவில் இருப்பதுதான் என் தொழில். 44-ஆம் எண் நெடுஞ்சாலையும் 48-ஆம் எண் நெடுஞ்சாலையும் எங்கள் ஊரில் சேர்வதால், கல்லில் ஏறிய வண்டிகளுக்கு இங்கே பஞ்சமே இல்லை. அந்த வண்டிகளோடு வரும் மனிதர்களின் முகத்தில் முதலில் இருப்பது பயம். பணத்தைப் பற்றிய பயம் பாதி. இனி இந்த வண்டியை நம்பிப் பிள்ளைகளை ஏற்றலாமா என்ற பயம் மீதி. இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதில்தான் உண்டு. அடி எங்கே உள்ளே நுழைந்தது, எங்கே போய் நின்றது என்று கண்டுபிடிக்க வேண்டும். அது போன வழியில் கெட்டதை ஒன்று விடாமல் மாற்ற வேண்டும். அது போகாத வழியில் ஒரு போல்ட்டைக்கூடப் புதிதாகப் போடக் கூடாது.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நான் தொழில் பழகிய பட்டறையின் பாய். அம்பாசிடரும் பத்மினியும் வந்துகொண்டிருந்த காலம் அது. "அடிங்கிறது வீட்டுக்குள்ள வந்த ஆளு மாதிரி தம்பி. உள்ள வந்தா எங்கயாவது உக்காந்துதான் ஆவணும். உக்காந்த எடத்தத் தேடு" என்பார். அன்றைக்கு அது விளையாட்டுப் பேச்சு போலத்தான் கேட்டது. இன்றைக்கு ஒவ்வொரு வண்டிக்கு அடியில் படுக்கும்போதும் அந்தக் குரல்தான் முதலில் வருகிறது.

கல் எங்கிருந்து வருகிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கிரானைட் குவாரி இருக்கிற ஊர் என்பதால் லாரியிலிருந்து விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள். அதுவும் உண்டு. ஆனால் நான் பார்த்த வரையில் பெரும்பாலான கற்கள் தானாக விழுந்தவை அல்ல, ஒரு மனிதன் கையால் வைத்தவை. லோடு லாரி மேட்டில் பஞ்சராகி நின்றுவிடும். உருளாமல் இருக்கக் கிளீனர் ஓரத்தில் கிடக்கும் கல்லைத் தூக்கிப் பின் டயருக்கு முட்டுக் கொடுப்பார். பின்னால் வருகிற வண்டிக்கு எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று நாலைந்து கல்லை வரிசையாக வைத்து, ஒடித்த இலைதழையைச் செருகுவார். ஸ்டெப்னி மாற்றி முடிந்ததும் வண்டி முன்னால் நகரும். கற்கள் அதே இடத்தில் இருக்கும். காலையில் இலை வாடிப் பறந்துவிடும். அடுத்த ராத்திரி அந்த வரிசை ஒருவர் கண்ணுக்கும் தெரியாது.

கல் தவிர இன்னும் இரண்டு பொருட்கள் உண்டு. ரீட்ரெட் செய்த லாரி டயரின் மேல்தோல் உரிந்து, தாரின் மேல் தார் நிறத்திலேயே கிடக்கும். அது ஆர்மை வளைக்காது. உள்ளே சுற்றிக்கொண்டு அண்டர் ஷீல்டைக் கிழிக்கும், ஏ.பி.எஸ். சென்சார் ஒயரை அறுக்கும், பிரேக் ஹோஸை இழுக்கும். இன்னொன்று லாரியின் உடைந்த ஸ்பிரிங் பட்டை. முன் டயர் அதன் ஒரு முனையை மிதித்தால் மறுமுனை எழுந்து ஆயில் சம்ப்பையோ பெட்ரோல் டேங்கையோ குத்தும். நான் பார்த்து அஞ்சுவது பட்டையைத்தான். கல் வண்டியைத்தான் உடைக்கும். பட்டை காரின் தரையைக் குத்திக்கொண்டு உள்ளே வந்துவிடக்கூடியது.

கல்லின் அடிக்கு ஒரு திசை இருக்கிறது. சக்கரத்தை ஒரே நேரத்தில் பின்னாலும் மேலேயும் தள்ளும். சென்டர் மீடியனில் பக்கவாட்டாக மோதினால் சக்கரம் உள்நோக்கிப் போகும். அந்த வண்டியில் தேட வேண்டிய இடமே வேறு. அதனால்தான் வருகிறவரிடம் முதலில் "எப்படி ஆச்சு?" என்று கேட்கிறேன். பலர் வெட்கப்பட்டுக்கொண்டு பாதியை விழுங்குவார்கள். வேகத்தைக் குறைத்துச் சொல்வார்கள். கல்லின் அடி வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 60-இல் ஏறியதைப் போல ஏறக்குறைய 2.8 மடங்கு 100-இல் ஏறும்போது வாங்க வேண்டியிருக்கும். நான் போலீஸ் இல்லை. சரியான வேகத்தைச் சொன்னால் எவ்வளவு தூரம் உள்ளே தேட வேண்டும் என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

அந்த வெள்ளைக் காரை லிஃப்டில் ஏற்றியதும் செய்த முதல் வேலை கழுவியது. அடிபட்ட பக்கத்தை மட்டுமில்லை, இரண்டு பக்கத்தையும். சேறு இருக்கும் இடத்தில் விரிசல் ஒளிந்துகொள்ளும். காய்ந்த பிறகு விளக்கை நேராகப் பிடிக்காமல் சரித்துப் பிடித்தேன். வளைந்த தகட்டில் பெயின்ட் மெல்லிய கோடுகளாக வெடித்திருக்கும். சரிந்து விழும் வெளிச்சத்தில்தான் அந்தக் கோடு தெரியும். பிறகு போல்ட்களைப் பார்த்தேன். சப்ஃப்ரேம் கால் மில்லி நகர்ந்திருந்தாலும் போல்ட் தலைக்கு அடியில் வாஷர் இருந்த இடம் பிறை போலப் பளபளக்கும். இந்தப் பிறையைக் காட்டிக்கொடுக்க எந்த மெஷினும் வேண்டாம். இந்த வண்டியில் நான்கு போல்ட்டிலும் பிறை இல்லை. பழைய அழுக்கு வளையம் கலையாமல் இருந்தது.

அடுத்து கை. டயரிலிருந்து தொடங்கி உள்நோக்கித் தடவிக்கொண்டே போக வேண்டும். டயரின் பக்கச்சுவரில் முட்டை போலக் கட்டி வந்திருந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது. அந்த டயரைச் சரிசெய்ய வழியே இல்லை. 165/80 ஆர்14 டயரின் பக்கச்சுவர் 132 மி.மீ. உயரம். பார்க்க அழகாக இருக்கிறது என்று போட்டுக்கொள்ளும் 225/45 ஆர்17 டயரில் அது 101 மி.மீ.தான். அந்த 31 மி.மீ. காற்று வாங்கிக்கொள்ள வேண்டிய அடியைத்தான் ரிம் வாங்குகிறது.

ரிம்முக்கு அடுத்தது ஹப் பேரிங். அதற்கு அடுத்த நக்கிளிலிருந்து அடி மூன்றாகப் பிரியும். மேலே போவது ஸ்ட்ரட் ராடு வழியாக மவுண்டுக்கும் பாடிக்கும் போகும். பின்னால் போவது பால் ஜாயிண்ட் வழியாக லோயர் ஆர்முக்கும், அதன் புஷ் வழியாக சப்ஃப்ரேமுக்கும் போகும். பக்கவாட்டில் போவது டை ராடு வழியாக ஸ்டீயரிங் ரேக்குக்குப் போகும். இன்றைய சிறிய கார்களில் அனேகமாக எல்லாவற்றிலும் முன்னால் இருப்பது, அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மெக்ஃபெர்சன் 1940-களில் வடிவமைத்த ஸ்ட்ரட் அமைப்புதான். பாகங்கள் குறைவு, இடம் குறைவு, விலை குறைவு. அதனாலேயே ஒவ்வொரு பாகத்தின் தலையிலும் இரண்டு மூன்று வேலை. ஸ்ட்ரட் வெறும் ஷாக் அப்சார்பர் இல்லை. சக்கரத்தை நேராகப் பிடித்திருக்கும் தூணும் அதுதான். அது இரண்டு மில்லி வளைந்தால் குலுக்கல் மட்டும் வராது, சக்கரமே சாயும்.

அந்த வண்டியில் ஆர்ம் கண்ணுக்கே தெரியும்படி வளைந்திருந்தது. முன் புஷ்ஷின் ரப்பர் கிழிந்திருந்தது. இதைப் பார்த்தால் எனக்கு ஒரு நிம்மதி வரும். தகட்டில் அழுத்திச் செய்த ஆர்ம் வளைந்து அடியைத் தன்னோடு நிறுத்திக்கொண்டால், அதைவிடப் பல மடங்கு விலையுள்ள சப்ஃப்ரேம் தப்பித்துவிடும். வளைந்த ஆர்ம் தன் கடமையைச் செய்திருக்கிறது. சில பெரிய கார்களில் வரும் அலுமினிய ஆர்ம் இப்படிப் பேசாது. வளையாமல் நின்று கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விடும். அவற்றுக்குச் சிவப்புச் சாயம் அடித்து, துடைத்து, மேலே வெள்ளைப் பூச்சு அடித்துக் காத்திருக்க வேண்டும். விரிசல் இருந்தால் வெள்ளையில் சிவப்புக் கோடு எழும். அதிக நேரம் ஆகாத வேலை. அதைச் செய்யாமல் விட்டு, ஓடும்போது ஆர்ம் முறிந்தால் சக்கரம் யார் சொன்னாலும் கேட்காது.

சப்ஃப்ரேமின் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பில் அளந்தேன். வித்தியாசம் ஒரு மில்லிக்குள். பிறை இல்லாததும் இந்த அளவும் ஒரே பதிலைச் சொல்லின. அடுத்தது ரேக். இரண்டு டை ராடையும் கழற்றிவிட்டு ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை இரண்டு விரலால் சுற்றினேன். ராடு வளைந்திருந்தால் ஓரிடத்தில் கனக்கும். இதில் கடைசி வரை ஒரே சீராக வந்தது. வளைந்திருந்தது டை ராடும் ரேக் எண்டும் மட்டும்தான். எலக்ட்ரிக் ஸ்டீயரிங் என்றதும் ரேக் முழுசாக மாற்ற வேண்டும் என்று பலர் பயந்துவிடுகிறார்கள். சிறிய கார்கள் பலவற்றில் மோட்டார் கேபினுக்குள் ஸ்டீயரிங் தண்டோடு இருக்கிறது. கீழே இருப்பது வெறும் பல்சட்டம். அதிலும் கெட்டது நுனியாக இருந்தால் நுனியை மட்டும் மாற்றலாம்.

சாயங்காலம் அவர் வந்தார். ஆர்ம், ஸ்ட்ரட், டை ராடு, ரேக் எண்ட், லிங்க் ராடு, மவுண்ட், ஹப் பேரிங், ரிம், டயர் என்று எழுதிக் கொடுத்தேன். "நக்கிளப் பத்தி இப்ப சொல்ல முடியாது சார். புதுசெல்லாம் மாட்டி அலைன்மென்ட்ல ஏத்தினாத்தான் தெரியும். கெட்டிருந்தா இன்னும் கொஞ்சம் ஆகும், அதையும் மனசுல வச்சுக்குங்க" என்றேன். தெரியாததைத் தெரியாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் எந்த வாடிக்கையாளரும் கோபப்படுவதில்லை. பில் கையில் வந்த பிறகு சொன்னால்தான் சண்டை.

ஹப் பேரிங்கை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "சுத்திப் பார்த்தா சத்தமே வரலையே?" என்றார். நியாயமான கேள்வி. அதற்கான பதிலை நான் விலை கொடுத்துக் கற்றேன். பல வருடத்துக்கு முன்பு இதேபோல் ஒரு வண்டி. பேரிங் கையில் மெழுகாகச் சுற்றியது. 1,900 ரூபாயை மிச்சம் செய்து கொடுத்தோம் என்று நினைத்து அனுப்பிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து 60 கி.மீ. வேகத்தில் உறுமுகிறது என்று திரும்பி வந்தது. அடிபடும்போது குண்டு தன் பாதையில் கண்ணுக்குத் தெரியாத குழி ஒன்றைப் பதித்துவிடுகிறது. அன்றைக்கு அது பேசாது. சில நூறு கிலோமீட்டர் ஓடி, குழி பெரிதான பிறகுதான் பேசும். அந்த வண்டிக்கு மறுபடி கழற்றி மாட்டிய கூலியையும் அலைன்மென்ட் செலவையும் நான் ஏற்றுக்கொண்டேன். அன்றிலிருந்து ரிம் உடையும் அளவுக்கு அடி வந்திருந்தால், பேரிங் வாய் திறக்கும் வரை நான் காத்திருப்பதில்லை. இதைச் சொன்னதும் அவர் தலையசைத்தார்.

என் எஸ்டிமேட் 33,600 ரூபாய் வந்தது. பாகங்கள் 27,300, கூலியும் அலைன்மென்ட்டும் 6,300. இதுவும் சின்னத் தொகை இல்லை. ஒரு கல்லுக்காக ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுக்கிற குடும்பங்கள் எத்தனையோ. ஏன் இவ்வளவு ஆகிறது என்று கேட்டால் என்னால் ஒளிக்காமல் சொல்ல முடியும். முன்பு பால் ஜாயிண்ட் போனால் பால் ஜாயிண்ட்டை மட்டும் மாற்றுவோம். இப்போது பல மாடல்களில் அதை ஆர்மோடு ரிவெட் அடித்து ஒரே பாகமாக விற்கிறார்கள். அறுநூறு ரூபாய்ப் பொருளுக்காக மூவாயிரம் ரூபாய்ப் பொருள் வாங்க வேண்டியிருக்கிறது. ஷாக் அப்சார்பரை ஒரு பக்கம் மட்டும் புதிதாகப் போட்டால் இடதும் வலதும் வேறு வேறு மாதிரி அழுந்தும் என்பதால் ஜோடியாகப் போட வேண்டும். ஆர்முக்கு அந்த விதி கிடையாது. வலது ஆர்ம் நன்றாக இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். ஜோடி என்ற பெயரில் நல்ல ஆர்மைக் கழற்றிப் போடுவதை நான் இந்தத் தொழிலுக்கு அடுக்காத செயலாகவே கருதுகிறேன். ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரி பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம்தான். அதற்கு முன் பலவற்றுக்கு 28.

வேலையைத் தொடங்கும் முன்பே இன்சூரன்ஸ் கணக்கையும் உட்கார்ந்து போட்டோம். இதைப் பட்டறையில் யாரும் சொல்லித் தருவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். தேர்ட் பார்ட்டி மட்டும் இருந்தால் இந்தச் செலவில் ஒரு ரூபாய்கூட வராது. ஃபுல் இன்சூரன்ஸ் வேண்டும். அவருடைய வண்டிக்கு மூன்றரை வயது. தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் பாலிசி எடுக்கவில்லை. அந்த வயதில் இரும்புப் பாகங்களுக்கு 25 சதவீதம் கழிப்பார்கள். ரப்பர், பிளாஸ்டிக், டயருக்குப் பாதி. கூலி முழுசாகக் கிடைக்கும். அடிபடாத வலது ஸ்ட்ரட் 2,800 ரூபாய் அவர் கையிலிருந்துதான். மீதி இரும்பு 17,800-இல் 13,350 வரும். டயரும் மவுண்டும் 6,700-இல் 3,350. கூலி 6,300. மொத்தம் 23,000. இதில் 1500 சி.சி. வரையிலான காருக்குக் கட்டாயக் கழிவு 1,000 போக 22,000. அவர் போட வேண்டியது 11,600.

உடனே கிளைம் போட்டுவிடலாம் என்று எழுந்தார். இருங்கள் என்றேன். மூன்று வருடம் கிளைம் இல்லாமல் ஓட்டி 35 சதவீத பிரீமியத் தள்ளுபடியில், அதாவது நோ கிளைம் போனஸில், இருந்தார். இந்த வருடமும் கிளைம் இல்லையென்றால் 45, அடுத்தது 50. கிளைம் போட்டால் பூஜ்யத்திலிருந்து தொடங்கி 20, 25, 35, 45 என்று மறுபடி ஏற வேண்டும். ஐந்து வருட வித்தியாசத்தைக் கூட்டினால் 120 சதவீதம். அதாவது வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் ஓராண்டுத் தொகையைவிடச் சற்று அதிகம் போகும். அவருக்கு அது ஏறக்குறைய 11,000. ஆக, 22,000 வாங்கி 11,000-ஐ மெல்ல மெல்லத் திருப்பிக் கொடுக்கிறார். அப்படியும் லாபம்தான், போட்டார். இதே பில் 12,000 ஆக இருந்திருந்தால் போட வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

சர்வேயர் வரும் வரை பழைய பாகங்களைத் தூக்கி எறியாதீர்கள். சஸ்பென்ஷன் என்றதும் தேய்மானம் என்று எழுதிவிட இடமுண்டு. தேய்மானத்துக்குப் பாலிசியில் பணம் கிடையாது. புது முறிவு வெள்ளி மாதிரி மின்னும், பழைய விரிசலின் வாயில் துரு கறுத்திருக்கும். அந்த வித்தியாசத்தைப் பொருளைக் கையில் கொடுத்துத்தான் காட்ட முடியும். கல்லோடும் வண்டியோடும் அந்த இடத்திலேயே எடுத்த ஒரு புகைப்படம் அதற்குப் பெரிய துணை. தகவல் சொல்லாமல் வேலையைத் தொடங்கவும் கூடாது.

"தட்டி நிமித்திக் குடுங்கண்ணா, ஓட்டிக்கிறேன்" என்று கேட்பவர்கள் வாரத்துக்கு ஒருவராவது வருவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அம்பாசிடர் காலத்தில் பாய் இரும்பைச் சிவக்கக் காய்ச்சி, பட்டடையில் வைத்து நிமிர்த்தியதை நானே துருத்தி போட்டுப் பார்த்திருக்கிறேன். அது தடித்த இரும்பு. இன்றைய ஆர்ம் மெல்லிய, வலுவேற்றிய தகடு. நெருப்பு பட்டால் அந்த வலு போய்விடும். குளிராகத் தட்டினாலும் மடிந்த இடம் மறுபடி மடியக் காத்திருக்கும். ஒருமுறை ஒரு டாக்ஸிக்காரத் தம்பி, கையில் ஆயிரம் ரூபாய்தான் இருக்கிறது, நிமிர்த்தியே கொடுங்கள் என்று நின்றான். மறுநாள் ஒரு கர்ப்பிணியை தர்மபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக ஒப்புக்கொண்டிருந்தான். கடன் நோட்டில் எழுதிக்கொண்டு புது ஆர்ம் போட்டு அனுப்பினேன். நான்கு மாதத்தில் அடைத்தான். பணம் வராமல் போயிருந்தாலும் எனக்கு வருத்தமிருக்காது. நிமிர்த்திய ஆர்மோடு அவனை அனுப்பியிருந்தால் அன்றிரவு நான் தூங்கியிருக்க மாட்டேன்.

சென்னை புதுப்பேட்டையில் பழைய பாகம் வாங்கி வந்து மாட்டச் சொல்பவர்களும் உண்டு. கதவு, கண்ணாடி, சீட் என்றால் தாராளமாக வாங்கலாம். ஆர்ம், நக்கிள், டை ராடு மட்டும் வேண்டாம். அது எந்த விபத்திலிருந்து கழன்று வந்ததோ, அதன் அடி அதற்குள் உட்கார்ந்திருக்கலாம். நம் பக்கத்திலேயே ரானே, கேப்ரியல் கம்பெனிக்காரர்கள் தரமான பாகங்கள் செய்கிறார்கள். கம்பெனி லோகோ போட்ட டப்பாதான் வேண்டும் என்பதில்லை, ஆனால் பில்லோடு வரும் புதுப்பொருளாக இருக்கட்டும்.

மாட்டுவதில் ஒரு சின்ன விஷயம் பெரிய செலவைத் தடுக்கும். ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டை வண்டி அந்தரத்தில் தொங்கும்போது முழுசாக இறுக்கக் கூடாது. சக்கரம் கீழே தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் அந்த நிலையையே தன் இயல்பாகப் பிடித்துக்கொள்ளும். வண்டி தரையில் இறங்கியதும் முறுக்கிக்கொண்டே வாழும், சில மாதத்தில் கிழியும். சக்கரத்தில் எடை இறங்கிய பிறகு, வண்டியை இரண்டு முறை அழுத்தி விட்டு, அப்புறம் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்க வேண்டும். என் பட்டறைப் பையன்களுக்கு நான் முதல் மாதத்தில் கற்றுத் தருவது இதைத்தான். பூட்டு நட்டுகளைத் திரும்பப் பயன்படுத்துவதும் இல்லை. இருபது ரூபாய் நட்டில் மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை.

நக்கிளின் பதில் அலைன்மென்ட்டில் வந்தது. நம் ஊரில் அலைன்மென்ட் என்றால், சக்கரங்கள் எந்தப் பக்கம் திரும்பி நிற்கின்றன என்ற டோவைச் சரிசெய்து ஸ்டீயரிங்கை நேராக்கி அனுப்புவது என்றாகிவிட்டது. நல்ல மெஷின் அதைவிட அதிகம் சொல்லும். ஸ்டீயரிங் அச்சின் சாய்வை, திரையில் எஸ்.ஏ.ஐ. என்று வருவதை, யாரும் பார்ப்பதேயில்லை. சக்கரத்தின் சாய்வான கேம்பரையும் அதையும் கூட்டி இடது வலது ஒப்பிட்டால் போதும். தனித்தனியாக மாறியிருந்தும் கூட்டுத்தொகை இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால், கெட்டது ஆர்ம் பக்கமோ பாடி பக்கமோ. கூட்டுத்தொகையே வேறாக இருந்தால் ஸ்ட்ரட்டோ நக்கிளோ வளைந்திருக்கிறது. இங்கே ஸ்ட்ரட் புதிது. கூட்டுத்தொகை இரண்டு பக்கமும் கால் டிகிரிக்குள் ஒத்துப்போனது. நக்கிள் பிழைத்தது. அடி ஆர்ம், ஸ்ட்ரட், டை ராடு ஆகிய மூன்றிலும் நின்றுவிட்டது, அதற்கு அப்பால் போகவில்லை.

சர்வீஸ் சென்டர் கொடுத்த எஸ்டிமேட் திருட்டுத்தனம் என்று நான் அவரிடம் சொல்லவில்லை, இப்போதும் சொல்ல மாட்டேன். சந்தேகம் இருப்பதை எல்லாம் எழுதிவிட்டால் பிறகு யாரும் கேள்வி கேட்க முடியாது என்பது ஒரு வகைப் பாதுகாப்பு. ஆனால் தேடுவதற்கு எடுத்துக்கொள்ளும் ஒரு பகலை மிச்சம் பிடித்து, அதன் விலையை வண்டிக்காரர் தலையில் ஏற்றுவது சரியில்லை. எஸ்டிமேட் வாங்குகிறவர்கள் ஒவ்வொரு வரிக்கும் "இதில் என்ன அடையாளம் பார்த்தீர்கள், காட்டுங்கள்" என்று கேளுங்கள். காட்ட முடிந்த பாகத்துக்குத் தயங்காமல் கொடுங்கள்.

சாலையில் போகிறவர்களுக்கும் சொல்ல இருக்கிறது. 100 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 28 மீட்டர் ஓடுகிறது. லோ பீமில் ஏறக்குறைய 50 மீட்டர்தான் தெளிவாகத் தெரியும். கல்லைப் பார்த்த பிறகு சட்டென்று ஒடிக்காதீர்கள், பக்கத்தில் லாரி இருக்கும். நேராகப் பிடித்து அழுத்தமாக பிரேக் போடுங்கள். ஏறத்தான் போகிறோம் என்று தெரிந்த கடைசி நொடியில் பிரேக்கை விட்டுவிடுங்கள். பிரேக்கில் முன்பக்கம் அமுங்கியிருக்கும்போது ஸ்பிரிங்குக்கு அடியை வாங்க இடமில்லை. பெரிய கல்லை இரண்டு சக்கரத்துக்கு நடுவில் விட்டுத் தாண்டலாம் என்று கணக்குப் போடாதீர்கள். 165 மி.மீ. உயரத்தில் ஆயில் சம்ப் காத்திருக்கிறது. ஏறிய பிறகு ஓரமாக நிறுத்தி, கீழே எண்ணெய் சொட்டுகிறதா, ஸ்டீயரிங் நேராக இருக்கிறதா, டயர் எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள். எண்ணெய் சொட்டினால் இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். எண்ணெய் இல்லாமல் ஓட்டி இன்ஜின் போனால் அந்தச் சேதத்துக்குச் சாதாரண பாலிசியில் பணம் வராது. தேசிய நெடுஞ்சாலையில் 1033-ஐக் கூப்பிட்டால் ரோந்து வண்டியும் கிரேனும் வரும். அதே அழைப்பில் கல் கிடக்கும் இடத்தையும் சொல்லிவிடுங்கள். உங்கள் பின்னால் இன்னொரு குடும்பம் வந்துகொண்டிருக்கிறது.

கடைசியாக லாரி ஓட்டும் அண்ணன் தம்பிகளுக்கு. உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும், என் பட்டறை வாசலில் டீ குடிக்காத டிரைவர் இந்தச் சாலையில் குறைவு. நடுராத்திரியில் மேட்டில் நின்றுபோன லோடு வண்டிக்குக் கல் வைக்காமல் இருக்க முடியாது. வையுங்கள். கிளம்பும்போது கிளீனரை இறக்கிவிட்டு, வைத்த கல்லை எண்ணி எடுத்து, வெள்ளைக் கோட்டுக்கு வெளியே போட்டுவிட்டுப் போங்கள்.